பெரட்டு, லயம், செக்ரோல்: கேமரன் மலைத் தோட்டத் தமிழில் ஆங்கிலச் சொற்கள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த ஒருவரிடம் 'பெரட்டு' என்று சொன்னால் போதும். விடியுமுன் எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பனிக்குள் நடந்துபோய் ஆள் எண்ணிக்கைக்கு ஆபீஸ் முன்னால் நின்ற காலமெல்லாம் அந்த ஒரு சொல்லோடு வந்துவிடும். அதே சொல்லைப் பட்டணத்தில் பிறந்த அவருடைய பேரனிடம் சொல்லிப் பாருங்கள். கோழிப் பெரட்டலைத்தான் சொல்கிறோம் என்று நினைப்பான். இரண்டு தலைமுறைக்குள் ஒரு சொல் இப்படிக் கைநழுவிப் போகிறது.

பெரட்டு ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். பட்டாளத்தார் அணிவகுத்து நிற்கும் 'பரேடு'தான் தோட்டத்து வாயில் பெரட்டாயிற்று. இன்று எந்த ஆங்கிலேயரிடம் போய்ப் 'பெரட்டு' என்றாலும் விளங்காது. 'பரேடு' என்றே திருத்திச் சொன்னாலும் தோட்டத்துக்காரர் நினைக்கும் பொருள் அவர் மனதில் தோன்றாது. தமிழ் அகராதிகளும் இதை நம் சொல் என்று எளிதில் ஏற்பதில்லை. இப்படி இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடாத சொற்கள் தோட்டத் தமிழில் ஏராளம்: லயம், செக்ரோல், ஸ்டோர், டிரசர், எம்.சி., சொக்சோ. இவற்றை ஒருசேர எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது பாதிக் கேள்விதான். எந்த இடத்தில் ஆங்கிலம் உள்ளே வந்தது, எந்த இடத்தில் தமிழ் விட்டுக்கொடுக்காமல் நின்றது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்தப் பக்கம் வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. தாப்பாவிலிருந்து ஏறும் பாதையில் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஊர்கள் உண்டானது பிறகு. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் நிறுவனம் வந்தது. காடழித்து, சரிவு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர்கள் பிறர் உதவியில் மலாயாவுக்குக் கப்பலேறுவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. போ தோட்டம் தொடங்கியதற்கும் அந்தத் தடைக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள்தான். ஆகவே மலையில் புழங்கிய தோட்டச் சொற்கள் மலையில் பிறந்தவை அல்ல. கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் ஏற்கெனவே பழுத்து, அதற்கும் முன்னே இலங்கையின் காப்பித் தோட்டங்களில் முளைத்து, தொழிலாளர்களோடும் துரைமார்களோடும் சேர்ந்து ஏறி வந்தவை. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். காப்பி அதற்கும் முந்தியது. 'பெரட்டு' இலங்கை மலையகத்திலும் உண்டு. பிரட்டு என்றும் அங்கே சொல்வார்கள். ஒரே சொல் கடலின் இரு கரையிலும் ஒரே பொருளில் நிற்பதே அது வந்த வழியைக் காட்டுகிறது.

தோட்டச் சொற்களை வகைபிரித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. ஆங்கிலேயர் நடத்திய தோட்டத்தில் அதிகாரத்தில் இருந்தவர்களைக் குறிக்கும் சொற்களில் ஆங்கிலம் ஏறக்குறைய இல்லை. மேனேஜர் என்பவர் பெரிய துரை. அவருக்கு உதவியாளர் சின்ன துரை. ஆள் கட்டி வந்து வேலை வாங்கியவர் கங்காணி; கண்காணிப்பவர் என்ற தமிழ்ச் சொல்தான் அது. எழுத்து வேலை பார்த்தவர் கிராணி. வட இந்திய மொழிகளிலிருந்து கிளம்பி மலாயில் 'கெரானி' ஆகவும் தமிழில் கிராணியாகவும் நின்றது. மேற்பார்வையாளரைக் குறிக்கும் மண்டோர் போர்த்துக்கீசியத்தில் தொடங்கி மலாய்க் கரையில் ஊறிய சொல். வால்பாறை, நீலகிரிப் பக்கம் கங்காணியின் இடத்தில் இருந்த மேஸ்திரிக்கும் மூலம் போர்த்துக்கீசியம்தான். குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் அப்படியே. நம் முதியவர்கள் ஆளைக் குறிக்க ஆங்கிலத்திடம் கையேந்தவில்லை. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இந்தக் கடற்கரைகளில் புழங்கிய சொற்களை எடுத்து, வந்தவர்களுக்குச் சூட்டிவிட்டார்கள்.

வேலையைக் குறிக்கும் சொற்களும் அப்படித்தான். கொழுந்து, கூடை, நிரை, கிள்ளுதல், எடுத்தல், நிறுத்தல், களை, மட்டம் எல்லாம் தமிழ். கை செய்கிற வேலைக்கு ஆங்கிலப் பெயர் ஒட்டவே இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்ததற்கு ஆங்கிலத்தில் பெயர் உண்டு. எங்கள் லயத்தில் ஒருவர் வாயிலும் நான் அதைக் கேட்டதில்லை. இளந்தளிர் எங்களுக்கு எப்போதும் கொழுந்துதான்.

அப்படியானால் ஆங்கிலம் எங்கேதான் நுழைந்தது? கூடையில் இருக்கும் கொழுந்து கம்பெனியின் கணக்காக மாறுகிற இடங்களில் எல்லாம் நுழைந்தது. ஆள் எண்ணும் இடம் பெரட்டு. பெயர் ஏறும் புத்தகம் செக்ரோல். அது வைத்திருக்கும் இடம் ஆபீஸ். ரப்பர்த் தோட்டத்தில் பால் கொண்டுபோய் ஊற்றும் இடம் ஸ்டோர். இலங்கை மலையகத்தில் தேயிலை ஆலையையே ஸ்டோர் என்பார்கள், காப்பிக் காலத்துப் பண்டசாலையின் பெயர் அது. படுத்திருக்கும் இடத்துக்கும் கம்பெனி கணக்கு வைத்திருந்ததால் அது லயம். நோயாளியாக இருந்தாலும் அதை ஒருவர் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தவர் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர். இங்கே பார்த்த, ஆளைக் குறிக்கும் சொற்களில் இது ஒன்றே ஆங்கிலம் என்பதும் தற்செயல் இல்லை. டிரசர் ஒப்புக்கொண்டால்தான் காய்ச்சல், காய்ச்சல். உழைப்பு தமிழில் நடந்தது. அது பதிவானது ஆங்கிலத்தில். தோட்டத் தமிழின் கடன்சொற்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதன் சாரம் இதுதான். மற்றவை இதற்குச் சான்றுகள்.

லயத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'லைன்' என்றால் கோடு, வரிசை. பட்டாளத்துக் குடியிருப்புகளை 'லைன்ஸ்' என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலேய இந்தியாவில் இருந்தது. வட இந்திய நகரங்களில் சிவில் லைன்ஸ், போலீஸ் லைன்ஸ் என்ற பெயர்கள் இன்றும் உண்டு. அந்தப் பட்டாளச் சொல்லே தோட்டத்துக்கும் வந்தது. ஒரே கூரை, முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், முன்னால் ஒரு நீண்ட திண்ணை. தமிழர் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆயிற்று. குதிரை கட்டும் இடத்துக்கு லாயம் என்ற சொல் தமிழில் முன்பே இருந்தது. அந்தச் சொல்லின் ஒலி காதில் இருந்ததால்தான் லைன் இவ்வளவு எளிதாக லயமாக மாறியதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது என் ஊகம். ஆனால் குதிரைக் கொட்டடி போன்ற அறையில் குடியிருந்தவர்களுக்கு அந்த ஒற்றுமை தெரியாமல் இருந்திருக்காது. இலங்கையில் லயத்து அறைக்குக் 'காம்பரா' என்று பெயர், போர்த்துக்கீசிய வழி வந்தது. குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அங்கே 'பிள்ளைக் காம்பரா'. நமக்கு அது ஆயாக் கொட்டகை.

பள்ளியில் பாட்டு வகுப்பில் 'லயம்' என்று ஆசிரியை சொல்லும்போது பிள்ளைகள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். எங்கள் வீட்டுப் பெயர் எப்படிப் பாட்டுக்குள் வந்தது என்று புரியாது. அது சமஸ்கிருத வழி வந்த வேறு லயம். இன்று அந்த இரண்டாவது லயம் மட்டும் பாடநூல்களில் இருக்கிறது. முதல் லயத்தைத் 'தொழிலாளர் குடியிருப்பு' என்று மாற்றி எழுதுகிறார்கள். இந்த மாற்றம் எனக்குச் சம்மதம் இல்லை. தொழிலாளர் குடியிருப்பு என்று படிக்கிற பிள்ளை தனித்தனி வீடுகளைக் கற்பனை செய்யும். பத்துக் குடும்பம் ஒரே கூரையின் கீழ், ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டில் கேட்கும்படி வாழ்ந்தது அந்தச் சொல்லில் இல்லை. லயம் என்ற சொல்லில் இருக்கிறது.

பெரட்டுக்கு வருகிறேன். இதுவும் பட்டாளச் சொல் என்று சொன்னேன். தமிழகத்தின் வால்பாறைத் தோட்டங்களில் இதே காரியத்தை 'மஸ்டர்' என்பார்கள். அதுவும் ஆங்கிலப் பட்டாளத்தில் ஆள் கணக்கெடுக்கும் சொல். தோட்டம் என்பது பயிர்த்தொழில். நெல் வயலில் நடவுக்கு ஆள் கூடும்போது யாரும் அணிவகுத்து நிற்பதில்லை. தோட்டத்தில் மட்டும் லயம், பெரட்டு, மஸ்டர் என்று வரிசையாகப் பட்டாளச் சொற்கள் வந்து குவிந்திருக்கின்றன. கவாத்து என்ற சொல்லையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். உருது வழியாகத் தமிழுக்கு வந்த இதற்குப் பட்டாளப் பயிற்சி என்று ஒரு பொருள். செடியின் கிளைகளை அளவாக வெட்டிவிடுவது என்று இன்னொரு பொருள். தேயிலைச் செடியைத் தன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். கைக்கு எட்டும் உயரத்தில் மேசைபோல் நிறுத்துவதற்குக் கவாத்து வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆளுக்கும் செடிக்கும் தோட்டம் ஒரே ஒழுங்கைத்தான் விதித்தது என்பதை மொழியே சொல்கிறது.

செக்ரோல் புத்தகத்தின் கதை இன்னும் ஆழமானது. இலங்கை மலையகத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ அரைப்பேர். செக்ரோலில் தொழிலாளியின் பெயருக்கு நேரே குறி விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. ஆகவே பெயரே சம்பளமாகிவிட்டது. துரைமார்கள் இதைக் கேட்டுத் தங்கள் ஆங்கிலத்தில் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். இன்று அவனுக்கு அரைப் பெயர்தான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். மனிதனின் பெயரைப் பாதியாக வெட்டலாம் என்பது ஆங்கிலத்தில் எங்கும் இல்லாத எண்ணம். தோட்டத்துத் தமிழர் சொன்னது அது. எவ்வளவு துல்லியமான சொல் என்று யோசித்துப் பாருங்கள். காலை முதல் மாலை வரை மழையில் நின்றவளுக்கு, அவள் யார் என்பதில் பாதிதான் புத்தகத்தில் ஏறியது.

என் தாயார் தம் சம்பளச் சீட்டுகளைப் பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார். நீளமான காகிதத் துண்டுகள். கார்பன் மை மங்கி, மடிப்பில் கிழிந்திருக்கும். அவருக்கு ஆங்கிலமோ மலாயோ படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்வார். இது அட்வான்ஸ், இது இ.பி.எஃப்., இது சொக்சோ, இது யூனியன். ஏதாவது ஒரு கட்டத்தில் வழக்கத்தைவிடப் பெரிய எண் இருந்தால், "என்னாத்துக்குப் புடிச்சிருக்காங்கன்னு கிராணிய கேட்டுட்டு வாய்யா" என்று என்னை அனுப்புவார். இ.பி.எஃப். என்ற சேமநிதி 1951இல் வந்தது, தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954இல் உருவானது என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. அவர் தெரிந்துகொண்டது கட்டங்களின் வழியாக. சொக்சோ என்பது ஆங்கிலத்தில் மூன்று சொற்களின் சுருக்கம் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வேலையில் அடிபட்டால் காசு வரும் இடம் சொக்சோ. இது போதுமான பொருள். ஒரு ஆங்கிலச் சொல்லை அதன் சொந்தக்காரரைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் என்றே நான் அவரைச் சொல்வேன். 'எம்.சி.' என்பதும் இப்படித்தான். மருத்துவச் சான்றிதழின் முதலெழுத்துகள் மலேசியத் தமிழில் ஓய்வு நாளின் பெயராகிவிட்டன. 'எம்.சி. எடுத்தேன்' என்றால் காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று அர்த்தம். டிரசர் காலத்து நிலைமைதான். நோய்க்குப் பெயர் காகிதத்தின் பெயர்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு, எதிர்த் திசையில் போன சொற்களில் முதன்மையானது கூலி. திருக்குறளிலேயே இருக்கும் சொல். உழைப்புக்குக் கிடைக்கும் பயன், ஊதியம் என்பதே அதன் பொருள். தமிழில் இன்றும் வேலைக்குக் கொடுப்பது கூலி, வேலை செய்பவர் கூலிக்காரர் அல்லது கூலியாள். ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தபோது இந்த வேறுபாடு அழிந்தது. ஊதியத்தின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் சேர்ந்து தொகுத்து, 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இந்தச் சொல்லை விரிவாக ஆராய்கிறது. குஜராத் பக்கத்துக் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. ஆங்கில அகராதிகள் இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன. வேர் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். இந்தியாவிலும் சீனாவிலும் இருந்து ஏழைகளைக் கப்பலேற்றிய இடமெல்லாம் அந்தச் சொல் வசைச்சொல்லாகப் போய் விழுந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர் எவரையும் இழித்துப் பேச அதைப் பயன்படுத்தினார்கள். மலாயிலும் 'கூலி' என்ற வடிவத்தில் இருக்கிறது. ஆகவே நம் வரலாற்றைத் தமிழில் எழுதும்போது, ஆங்கிலப் பதிவுகளைப் பார்த்து 'கூலிகள் வந்தனர்' என்று பெயர்த்து எழுதுவது பெரும் பிழை. அது தமிழ்ச் சொல்போல் தெரிந்தாலும் அங்கே நாம் பேசுவது ஆங்கிலம். தொழிலாளர்கள் வந்தார்கள், அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது கூலி.

மலாய் மொழி நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவை இவ்வளவு கசப்பானவை அல்ல. கெடாய், கப்பால், பெத்தி, காத்தில், கோலாம் என்று அவர்கள் சொல்வதெல்லாம் நம் கடை, கப்பல், பெட்டி, கட்டில், குளம். வணிகரோடும் மாலுமியோடும் போன சொற்களுக்கும் தோட்டத்தோடு போன சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது.

துரைமார்கள் தமிழ் படித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மலாயாவில் தோட்டத் துரைகளுக்குத் தமிழ்த் தேர்வு இருந்தது. இலங்கையில் புது துரைகளுக்கென்றே தமிழ்க் கைந்நூல்கள் அச்சாயின. 19ஆம் நூற்றாண்டில் ஏ. எம். பெர்குசன் வெளியிட்ட சின்ன துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டிக்கு, 'இங்கே வா' என்று தலைப்பு. ஒரு மொழியைக் கற்றுக்கொடுக்கும் நூல் ஏவலில் தொடங்குகிறது. பிறகு வந்த டபிள்யூ. ஜி. பி. வெல்ஸின் நூலுக்கு 'கூலித் தமிழ்' என்றே பெயர். இவற்றை நம் ஆய்வாளர்கள் சிலர் இழிவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கக் கூடாது என்பேன். அந்தக் காலத்துத் தொழிலாளி எப்படிப் பேசினார் என்பதற்குத் தமிழ் இலக்கியத்தில் சான்று கிடைப்பது அரிது. நம் புலவர்கள் லயத்துப் பேச்சை எழுதிவைக்கவில்லை. வேலை வாங்குவதற்காக எழுதினாலும், துரைமார்தான் எழுதிவைத்தார்கள். அந்த நூல்களில் கட்டளைக்குப் பதில் சொல்லும் தமிழர் குரலைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஆலைக்குள் புகுந்தால் வேறு வகை ஆங்கிலம். உலர்ந்து வந்த தூளைச் சலித்துப் பிரிக்கும் இயந்திரம் ஓயாமல் குலுங்கிக்கொண்டிருக்கும். அளவு வாரியாக வலைகளின் கீழே விழும் தேயிலைக்குத் தனித்தனிப் பெயர். ஆரஞ்சு பெக்கோ, பி.ஓ.பி., பேனிங்ஸ், டஸ்ட். இதில் ஆரஞ்சுப் பழத்துக்கு வேலையே இல்லை. நெதர்லாந்து அரச குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். பெக்கோ ஹொக்கியன் சீனம். மொட்டின் மேல் இருக்கும் வெண்மையான மென்முடியைக் குறிப்பது. போ என்ற தோட்டப் பெயரே சீனத்து வூயி மலையின் பழைய ஆங்கில உச்சரிப்பான 'போகீ'யிலிருந்து வந்தது என்று சொல்லப்படுகிறது. 'தே' என்பதும் ஹொக்கியன் ஒலிதான். மலாய்க்காரர் 'தே' என்றார்கள். நாம் அதோடு இலையைச் சேர்த்துத் தேயிலை ஆக்கினோம், நீரைச் சேர்த்துத் தேநீர் ஆக்கினோம். பேச்சில் கடன்சொல்லே கூடாது என்பவர்கள்கூடத் தேநீரைத் தமிழ் என்று நம்பிக் குடிக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் தவறில்லை. அவ்வளவு முழுமையாக நம்முடையதாகிவிட்டது.

டஸ்ட் என்ற சொல்லின் பயணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் தூசி. தரவரிசையில் கடைசிப் பொடி. ஆனால் சிறு பொடி சீக்கிரம் இறங்கும், நிறமும் கடுப்பும் கூடுதலாகத் தரும். தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் டஸ்ட் டீ என்பது பெருமைக்குரிய சொல். லண்டனில் ஒதுக்கிய பொடிக்கு நம் கடைக்காரர்கள் மதிப்புக் கொடுத்து, சொல்லின் தலையெழுத்தையே மாற்றிவிட்டார்கள். 'பவுண்டு' இன்னொரு எடுத்துக்காட்டு. கொழுந்தை நிறுத்த பவுண்டு, முதியவர்கள் பேச்சில் ராத்தல். அது அரபு வழி வந்தது. நாணயமான பவுண்டு பவுனாகி, எட்டு கிராம் தங்கத்தின் பெயராயிற்று. ஆங்கிலத்தில் ஒரே சொல் செய்த இரண்டு வேலைகளைத் தமிழர்கள் இரண்டு சொல்லுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கிலோ வந்தபின் ராத்தல் போய்விட்டது. பவுன் நகைக்கடைகளில் நிலைத்துவிட்டது.

இந்தச் சொற்களை என்ன செய்வது என்பதில் நம்மிடையே இரண்டு தரப்பு உண்டு. மறைமலை அடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கம் மலேசியாவில் வலுவானது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஏடுகளும் வானொலியும் அதை ஏந்திப் பிடித்தார்கள். அதனால் நமக்கு நன்மையே அதிகம். பேரங்காடி, மகிழுந்து போன்ற சொற்களை இங்கே கூச்சமின்றிப் பேசுகிறோம். சிறுபான்மையாக வாழும் நாட்டில் மொழி தேயாமல் இருக்க அந்தப் பிடிவாதம் தேவைப்பட்டது. அதே ஆசிரியர்கள் லயம், பெரட்டு, கிராணி எல்லாம் கொச்சை என்று பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மையால் அடித்தார்கள். இங்கேதான் நான் விலகுகிறேன். பேரங்காடி என்பது புதுப் பொருளுக்குப் புதுச் சொல். லயமும் பெரட்டும் நடந்து முடிந்த ஒரு வாழ்க்கையின் சொற்கள். அவற்றுக்கு இன்று மாற்றுச் சொல் கண்டுபிடிப்பதால் யாருக்கும் பயனில்லை; அந்த வாழ்க்கை வாழ்ந்தவர்களின் சாட்சியம் மட்டும் அழிகிறது. இலங்கையில் சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் மலையக மக்களின் வாழ்க்கையை எழுத்தில் ஏற்றியவர்கள். அவர்கள் கதைகளில் லயத்தைத் 'தொழிலாளர் குடியிருப்பு' என்று திருத்தினால் என்ன மிஞ்சும்?

அகராதிகள் பக்கம் நிலைமை கலவையானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. அதே ஆண்டுகளில்தான் கேமரன் மலையில் தோட்டங்கள் எழுந்தன. ஆனால் லெக்சிகனின் பார்வை இலக்கியத்தின் மீதும் தமிழகத்தின் மீதும் இருந்தது. பிறகு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்குக்குத் தனிக் குறியீடு கொடுத்து இடமளித்தது. அது ஒரு பெரிய திருப்பம். மலேசிய வழக்குக்கு அப்படி ஒரு கதவு திறக்கவில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதி தந்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குத் தந்தார். ஊரில் உட்கார்ந்து, பேசுபவரிடம் கேட்டு, பயன்படும் வாக்கியத்தோடு எழுதிய வேலை அது. தோட்டத் தமிழும் ஒரு வட்டாரத் தமிழ்தான். வட்டாரம் மட்டும் கடல் கடந்து, இலங்கை மலையகம், வால்பாறை, மலாயா என்று மூன்று நிலத்தில் கிடக்கிறது. அதனால் இதைத் தொகுக்க மூன்று இடத்துக்காரர்களும் சேர வேண்டும்.

அவசரம் ஏன் என்பதற்கு மலைக்கு வந்து பார்த்தாலே விடை தெரியும். சரிவுகளில் இப்போது கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போகும் இயந்திரம் நிரை நிரையாகச் செடியின் தலையைச் சீவிச் செல்கிறது. கையால் கிள்ளும் நுட்பம் அருகிவிட்டது. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். அவர்கள் முன்னேறியதில் எனக்கு மகிழ்ச்சியே. லயத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் பெரட்டில் நின்றவர்களில் கடைசித் தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. தோட்டத் தமிழ்ச் சொல்லகராதி ஒன்றை அத்துறை முன்னெடுக்க வேண்டும் என்று இக்கட்டுரை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். மலையில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் தாத்தா பாட்டியிடம் பத்துச் சொல் கேட்டு, அவர்கள் சொன்ன வாக்கியத்தோடு, சொன்னபடியே எழுதி வரட்டும். திருத்தாமல் வாங்கி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டு, சங்க அட்டை, செக்ரோல் பக்கம் வீட்டில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். படமெடுத்தாவது பாதுகாத்து வையுங்கள்.